பெல்லா மேரின் கை

ஹாமில்டன், கனடா
29 அக்டோபர் 1978

ரோனாவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிப் பார்த்தேன். கை ஓடவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இப்படியே ஆரம்பிக்கிறேன்.

எல்மா கடிதம் போட்டிருக்கிறாள். என் சித்தி மகளைப் பற்றி உனக்குத் தெரியும், ஒன்றைப் பத்தாக்குவாள். ஆனால் இதில் பத்தாக்க என்ன இருக்கிறது? வியாழக்கிழமைதோறும் நீ ஊர் மண்டபத்துக்குப் போய் நடனம் ஆடுகிறாய் என்கிறாள். ஆடுகிறாயா, இல்லையா?

என் அண்ணன் மார்ச் மாதம் படகோடு மூழ்கிப் போனான். இன்னும் அவனுக்கு ஒரு குழி இல்லை, ஒரு கல் இல்லை. அவன் மனைவி காலில் மெல்லிய செருப்பைக் கட்டிக்கொண்டு அக்கார்டியனுக்குக் குதிக்கிறாள். வானொலியில் பாட்டு வந்தால் எழுந்து போய் அணைக்கிற மனிதர் எங்கள் அப்பா. அவருடைய சபையில் நடனம் என்ற சொல்லையே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். நீ அந்த வீட்டு மருமகள். அவர் இதைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தது நல்லது.

விசாரணையைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இனிமேல் எதற்கு? “புயல் எச்சரிக்கையை அவர் ரேடியோல கேட்டார். கேட்டுட்டுத்தான் போனார்” என்று நீதிபதி முன்னால் நீ சொன்னாய். மற்ற படகுகளெல்லாம் கட்டிக் கிடந்த நாளில் இன்னஸ் மட்டும் தெரிந்தே ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனான் என்று ஆகிவிட்டது. உன்னிடம் யார் கேட்டார்கள்? தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் நாக்கு அழுகிப் போயிருக்குமா? செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை என்ற தைரியம்தானே.

ஊரில் தலை காட்டவே கூசும் என்று நினைத்தேன். நீயோ ஆடிக்கொண்டிருக்கிறாய்.

மேவிஸ்


போர்ட்ஸ்கேர்
12 நவம்பர் 1978

அன்புள்ள மேவிஸ்,

ஆமாம், ஆடுகிறேன். எல்மா பொய் சொல்லவில்லை.

ஊரில் தலை காட்டக் கூசும் என்று எழுதியிருக்கிறாய். தலை காட்டத்தான் செய்தேன். பார்ப்பதற்கு யாரும் இல்லை. ரொட்டிக் கடைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். காசை என் கையில் தர மாட்டார்கள், பலகை மேல் வைப்பார்கள், நான் பொறுக்கிக்கொள்ள வேண்டும். துறைமுகத்துச் சுவரோரம் நடந்தால் வலை பின்னுகிற ஆண்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முடிச்சு சிக்கிக்கொள்ளும். வைகிறார்களா என்றால் இல்லை. வைதிருந்தால் பரவாயில்லை என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். ஏழு மாதம் யாருடைய கையும் என் மேல் படவில்லை மேவிஸ். டாக்டர் ஒரு முறை நாடி பார்த்தார், அவ்வளவுதான்.

பிறகு ஏன் அங்கேயே இருக்கிறாய், விற்றுவிட்டுப் போ என்பாய். எப்படிப் போவேன்? ஆறு பேரில் இரண்டு பேர்தான் கிடைத்திருக்கிறார்கள். இன்னஸ் எந்த நாளும் ஏதாவது ஒரு வலையில் வரலாம், இல்லை ஏதாவது ஒரு மணலில் ஒதுங்கலாம். வந்தால் வாங்கிக்கொள்ள இங்கே ஆள் வேண்டும். வாங்குவதற்கு நான் மட்டும்தான் இருக்கிறேன். இந்த ஊரில் இருந்தாக வேண்டும், இருக்கவும் முடியவில்லை. என் நிலைமை இதுதான், வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் கடைசியில் மிஸ் கம்மிங் கதவைத் தட்டினார். நம் இரண்டு பேருக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்தான். இன்னும் அதே பழுப்புக் கோட்டு.

“ரோனா, வியாழக்கிழமை ஒரு ஆள் குறையுது. வா.”

“டீச்சர், வீடு மாறி வந்துட்டீங்களா?”

“எனக்கு இன்னும் கண்ணு தெரியுது. ஏழு மணிக்கு. அடி மெத்துன்னு இருக்கிற செருப்பா போட்டுக்க.”

“எனக்கு ஆடவே தெரியாது. அந்த வீட்டுல அதெல்லாம்...”

“உனக்கு வகுத்தலும்தான் தெரியல. நான் விட்டேனா?”

போனேன். உனக்குப் புரியாது, சொல்கிறேன். அங்கே ஒரு வரிசை ஆண்கள், எதிரே ஒரு வரிசை பெண்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஜோடி ஓர் இடம் கீழே இறங்கும். அப்படி இறங்க இறங்க வரிசையில் இருக்கிற எல்லாரும் எல்லாருக்கும் எதிரே வந்தாக வேண்டும். எதிரே வந்தால் கை கொடுத்துச் சுற்றியாக வேண்டும். பிடித்தவர், பிடிக்காதவர் என்ற பேச்சே கிடையாது. “தரையப் பாக்காதீங்க, அது எங்கயும் ஓடிப் போகாது. எதிர்ல இருக்கிற மூஞ்சியப் பாருங்க” என்று மிஸ் கம்மிங் கத்திக்கொண்டே இருப்பார். ஆண்கள் போதவில்லை என்பதால் தோளில் ஒரு பட்டையைப் போட்டு என்னை ஆண்கள் வரிசையில் நிறுத்தினார்கள். ஆண்கள் ஏன் போதவில்லை என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

முதல் சுற்றில் தபால்காரரின் மனைவி நெட்டி எதிரே வந்தாள். கடையில் என்னைக் கண்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறவள். என் கையைப் பிடித்தாள். வேண்டா வெறுப்பாகத்தான், நுனி விரலால்தான். ஆனால் சூடாக இருந்தது. நான் காலைத் தப்பாக வைத்து வரிசையையே குழப்பிவிட்டேன். “இந்தப் பக்கம், இந்தப் பக்கம்!” என்று மூன்று பேர் சேர்ந்து கத்தினார்கள். ஏழு மாதத்துக்குப் பிறகு ஊர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே படுத்து அழுதேன். நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

விசாரணையில் நான் சொன்னது உண்மை. அவன் கேட்டான். தேநீரைக் குடித்துக்கொண்டே கேட்டான். அந்த ஐந்து வீட்டுக்காரர்களும் முன் பெஞ்சில் உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் எனக்குத் தெரியாது என்று சொல்ல வரவில்லை.

ரோனா


ஹாமில்டன்
27 நவம்பர் 1978

ரோனா,

உன் கடிதத்தை நார்மனிடம் படித்துக் காட்டினேன். என் கணவனுக்கு யார் பக்கம் நியாயம் என்பதில் எப்போதும் குழப்பம்தான். “பாவம், அந்தப் பொண்ணு” என்றான். உனக்கு ஒரு வக்கீல் கிடைத்துவிட்டான், சந்தோஷப்பட்டுக்கொள்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். பெல்லா மேர் அங்கே வருகிறாளா? அவள் அந்த நடனத்தில் பழைய ஆள். எல்மா அவளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, கேட்டும் பதில் இல்லை. எல்மா வாயை மூடிக்கொண்டால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அவள் மகன் ஃபின்லே பிறந்தபோது நான்தான் கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்தேன். படகு போனதும் அவளுக்கு எழுதினேன். உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள்.

ஃபின்லேயை யாரும் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை. இருபத்து நான்கு வயதுக்காரன். வேண்டாம் என்றால் படுக்கையை விட்டு எழாமல் இருந்திருக்கலாம். இன்னஸ் போய்க் கதவைத் தட்டினான் என்று ஊரே பேசுகிறதாம். தட்டினால் என்ன? எல்லாப் படகுத் தலைவனும் தன் ஆளை எழுப்பத்தான் செய்வான்.

உன்னைத் திட்டினாலும் ஒன்று சொல்கிறேன், கேள். இங்கே வந்துவிடு. மாடியில் அறை காலியாக இருக்கிறது. அங்கே இருந்தால் நீ ஒன்று பைத்தியமாவாய், இல்லை இன்னும் நன்றாக ஆடக் கற்றுக்கொள்வாய். இரண்டும் எனக்கு வேண்டாம்.

மேவிஸ்


போர்ட்ஸ்கேர்
10 டிசம்பர் 1978

அன்புள்ள மேவிஸ்,

பெல்லா வருகிறாள். அதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுத முடியவில்லை.

மிஸ் கம்மிங் ஒரு ஆள் குறைகிறது என்றாரே, அந்த ஆள் ஃபின்லே. எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. பத்து வயதிலிருந்து அவன் அம்மாவோடு ஜோடியாக ஆடியிருக்கிறான். பெரிய பையனான பிறகு கூட்டாளிகள் கேலி செய்தும் விடவில்லை. கடலில் இல்லாத வியாழக்கிழமை என்றால் மண்டபத்தில் இருப்பானாம். நாம் அந்த வாசலை மிதித்ததே இல்லை, நமக்கு எப்படித் தெரியும்? மண்டபத்துக்குள் நுழைந்து, தோளில் பட்டையை மாட்டி, ஆண்கள் வரிசையில் கடைசியில் நிறுத்தின பிறகுதான் பார்த்தேன். எதிர் வரிசையில் பெல்லா நின்றாள். என் தோளைப் பார்த்தாள். அது அவன் நின்ற இடம்.

அன்றைக்கே ஓடி வந்திருக்க வேண்டும் என்கிறாயா? கதவு வரைக்கும் போனேன். மிஸ் கம்மிங் குறுக்கே நின்றார். “நீ போனா அவ ஜெயிச்ச மாதிரி இல்ல. ரெண்டு பேரும் தோத்த மாதிரி” என்றார். எனக்கு அது சரியாகப் புரியவில்லை. ஆனால் வெளியே மழை, வீட்டில் யாரும் இல்லை. நின்றுவிட்டேன்.

பெல்லா இப்போது வால்டரின் தங்கையோடு ஜோடி. அக்கார்டியன் வாசிக்கிற வால்டர்தான். சுற்று வரும்போது பெல்லாவும் நானும் எதிரெதிரே வருவோம். நான் கையை நீட்டுவேன். அவள் இரண்டு கையையும் பாவாடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, நான் நிற்கிற இடத்தில் ஒன்றுமே இல்லாததுபோல் வளைந்து போய்விடுவாள். தாளம் ஒரு முறைகூடத் தவறியதில்லை. ஒவ்வொரு வாரமும் இப்படித்தான். எல்லாரும் பார்ப்பார்கள், யாரும் பேச மாட்டார்கள். அவள் ஒரு தடவை கை கொடுத்துவிட்டால் இந்த ஊரில் நான் மூச்சு விடலாம். மற்றவர்கள் எல்லாரும் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அங்கே போவதே அந்தக் கைக்காகத்தான், உன்னிடம் மறைப்பானேன்.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். வால்டரின் தங்கைக்குக் காய்ச்சல், வரவில்லை. ஒரு ஆள் குறைந்தால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. இல்லாத ஆள் இருப்பதாகவே வைத்துக்கொண்டு ஜோடிக்காரர் தனியாக ஆட வேண்டும். காற்றுக்குக் கை கொடுத்து, காற்றைச் சுற்றி வர வேண்டும். பேயை வைத்து ஆடுவது என்பார்கள். மிஸ் கம்மிங் முப்பது வருஷமாகச் சொல்கிற சொல். அன்றைக்கும் குறிப்புத் தாளைப் பார்த்தபடியே சொல்லிவிட்டார்.

“பெல்லா, நீ பேயோட ஆடிக்க.”

வால்டர் கை அப்படியே நின்றது. அக்கார்டியனிலிருந்து காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. மிஸ் கம்மிங் தாளைக் கீழே விட்டார்.

“ஐயோ பெல்லா. நான் என்ன... என் நாக்க அறுக்கணும்.”

“எதுக்கு டீச்சர்? சரியாத்தான சொன்னீங்க. அவன்கூடத்தான் ஆடணும் நானு” என்றாள் பெல்லா. “வாசிப்பா வால்டர். என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?”

ஆடினாள் மேவிஸ். எதிரே ஒருவன் இருந்தால் அவன் தோள் எவ்வளவு உயரமோ அந்த உயரத்தைப் பார்த்துத் தலையை நிமிர்த்தினாள். கையை நீட்டி, பிடித்து, சுற்றினாள். அவன் வழக்கமாக எங்கோ இடிப்பான் போலிருக்கிறது, அந்த இடத்தில் கொஞ்சம் ஒதுங்கிச் சிரித்தாள். சிரித்தாள் என்று எழுதியது சரிதான், நான் பார்த்தேன். பிறகு என் முறை வந்தது. காற்றைப் பிடித்த அதே கை கீழே இறங்கிப் பாவாடையோடு ஒட்டிக்கொண்டது. செத்தவனுக்குக் கை கொடுத்தவள் உயிரோடு நிற்கிற என்னைத் தாண்டிப் போனாள்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, இன்னஸ் மேல். உன் அண்ணன் மேல். எழுந்து போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினானே, அந்தக் கைமேல். நீ அதைக் கேட்க விரும்ப மாட்டாய். வேறு யாரிடம் சொல்வேன்?

ரோனா


ஹாமில்டன்
4 ஜனவரி 1979

ரோனா,

உன் கடிதத்தைப் படித்த அன்று சமைக்கவில்லை. நார்மன் முட்டை பொரித்துச் சாப்பிட்டான்.

நீ அவன் மேல் ஆத்திரப்படலாம், நீ அவன் மனைவி. என்னால் முடியாது. எனக்கு ஒரே அண்ணன். தப்பே செய்திருந்தாலும் அவன் பக்கம் நிற்பதற்கு ஒரு ஆளாவது வேண்டாமா? நீ நிற்கவில்லை. நான் நிற்கிறேன். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு வேறு என்ன செய்ய?

இதோடு விமானச் சீட்டு வைத்திருக்கிறேன். தேதி போடாதது. எப்போது வேண்டுமானாலும் வா. அந்தப் பெண் கை கொடுக்க மாட்டாள். நான் அவள் இடத்தில் இருந்தால் காறித் துப்பியிருப்பேன், அவள் வெறுமனே தாண்டிப் போகிறாள். அவள் கைக்காகக் காத்திருந்து நீ செத்துப் போகாதே.

மேவிஸ்


போர்ட்ஸ்கேர்
2 பிப்ரவரி 1979

அன்புள்ள மேவிஸ்,

தொலைபேசியில் சொல்ல ஆரம்பித்தேன், நீ கேட்டதும் வைத்துவிட்டாய். கோபமில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். நின்று கேட்க முடியாத செய்தி.

முழுதாக எழுதிவிடுகிறேன், நீ எப்போது முடியுமோ அப்போது படி. வடக்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு படகின் வலையில் இன்னஸ் வந்திருக்கிறான். மேல் கோட்டும் பூட்ஸும் இருந்ததால்தான் வந்தது மனிதன் என்றே தெரிந்ததாம். பல்லை வைத்து உறுதி செய்தார்கள். என்னைப் பார்க்க விடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. பார்க்கிறதுக்கு அங்கே இன்னஸ் இல்லை என்று போலீஸ்காரர் சொன்னார். நல்ல மனிதர், தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

அதிகாரிகள் உடலைக் கொடுக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும். பதினேழாம் தேதி சனிக்கிழமை அடக்கம். இப்போது கயிறுதான் பிரச்சினை.

அடக்கத்தை நடத்துகிற டங்கன் எட்டு அட்டைகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பெட்டியை இறக்க எட்டுக் கயிறு, எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு அட்டை. தலைமாட்டுக் கயிறு நெருங்கிய ரத்தத்துக்கு, மற்றது உறவுக்கும் கூட்டாளிகளுக்கும். நான் அட்டையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனேன். உன் பெரியப்பா மகன் ஹெக்டருக்கு முதுகு வலியாம். வாசலில் மீன் கூடையைத் தூக்கி வைத்துக்கொண்டே சொன்னான். அவன் தம்பிக்கு அன்றைக்கு வெளியூரில் வேலை. இன்னஸின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றானே ஒருவன், அவன் கதவையே திறக்கவில்லை, ஜன்னல் திரை மட்டும் அசைந்தது. எல்லா அட்டையையும் திருப்பிக் கொண்டுவந்தேன்.

வியாழக்கிழமை தேநீர் இடைவேளையில் மிஸ் கம்மிங் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். கோப்பையை வைத்தார். “ஒண்ண எங்கிட்ட குடு” என்றார்.

“டீச்சர், பொம்பளைங்க குழிக்கே வர மாட்டாங்க நம்ம ஊர்ல.”

“பொம்பளைங்க ஆம்பளைங்க வரிசையிலயும்தான் நின்னதில்ல. இப்ப யாரு நிக்கிறா?”

வால்டர் ஒன்று வாங்கிக்கொண்டார், தபால்காரர் ஒன்று, நெட்டி ஒன்று. அவர்களைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு பேர். பெல்லா தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

கால்மாட்டுக் கயிறு எனக்கு. தலைமாட்டுக் கயிறு உன்னுடையது. அட்டையில் உன் பெயரை எழுதிவிட்டேன். வா மேவிஸ். எனக்காக வேண்டாம்.

ரோனா


ஹாமில்டன்
9 பிப்ரவரி 1979

ரோனா,

என் அண்ணனை நடனக்காரர்கள் குழியில் இறக்கப் போகிறார்கள். அக்கார்டியன் வாசிக்கிறவன், தபால்காரன் பெண்டாட்டி, கணக்கு டீச்சர். அப்பாவின் பக்கத்தில், அப்பாவின் சபைக்காரர்கள் நடுவில். அவன் ரத்தத்தில் ஒருவன்கூட இல்லாமல். இது யாருடைய வேலை? நீ அந்த நீதிமன்றத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஹெக்டருக்கு முதுகு வலித்திருக்குமா?

நான் வரவில்லை. அந்தக் கூட்டத்தில் வந்து நிற்க மாட்டேன். என் கயிற்றை டங்கன் பிடிக்கட்டும், அதற்குத்தான் அவருக்குக் கூலி.

நார்மன் போகச் சொல்கிறான். நேற்று என் பெட்டியை அவனே பரணிலிருந்து இறக்கி வைத்தான். நான் மறுபடியும் ஏற்றிவிட்டேன்.

மேவிஸ்


போர்ட்ஸ்கேர்
25 பிப்ரவரி 1979

அன்புள்ள மேவிஸ்,

முடிந்தது. உனக்கு எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும். நீ கேட்கவில்லை என்றாலும்.

ஒரு வாரமாகப் பனி. மண் கல்லாக இறுகிக் கிடந்தது, குழி வெட்ட இரண்டு நாள் ஆயிற்று. கோயிலில் பத்துப் பதினைந்து பேர்தான். எல்மா வந்தாள், கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரையும் எண்ணினாள். நாங்கள் பெட்டிக்குப் பின்னால் மலையேறி நடந்தபோது தெரு முழுக்க ஜன்னல் திரைகள் மூடியிருந்தன. மரியாதைக்கு மூடினார்களா, பார்க்க வேண்டாம் என்று மூடினார்களா, தெரியாது. இரண்டுக்கும் திரை ஒன்றுதானே.

டங்கன் பெயர் வாசித்தார். “முதல் கயிறு, மேவிஸ் கெடிஸ்.” கல்யாணத்துக்கு முந்தின உன் பெயர்தான். நான்தான் அப்படி எழுதியிருந்தேன். காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது. “வரல” என்றேன். டங்கன் தொப்பியை ஒருவரிடம் கொடுத்துவிட்டுத் தானே குனியப் போனார்.

“விடுங்க. நான் புடிக்கிறேன்.”

பெல்லா கல்லறைக் கதவருகில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. வந்து தலைமாட்டில் நின்று, கயிற்று நுனியின் குஞ்சத்தைப் பிடித்து, அதை ஒரு முறை கையில் சுற்றிக்கொண்டாள். டங்கன் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினேன்.

பெட்டி கனமே இல்லை மேவிஸ். எட்டுப் பேருக்கு வேலையே இல்லை. ஒரு மரப் பெட்டியை மட்டும் இறக்குகிற மாதிரி இருந்தது. இருந்தும் யாரும் அவசரப்படவில்லை. எல்லாரும் ஒரே வேகத்தில் விட்டோம். பெட்டி சாயவில்லை, இடிக்கவில்லை. அடியில் போய் உட்கார்ந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

டங்கன் தலையசைத்ததும் ஒவ்வொருவராகக் கயிற்றைக் குழிக்குள் போட்டார்கள். பெல்லா போடவில்லை. எல்லாரும் நகர்ந்த பிறகும் பிடித்தபடியே நின்றாள். நான் சுற்றிக்கொண்டு அவளிடம் போனேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

“உனக்காக வரல” என்றாள். “அவனுக்காகவும் வரல. எப்புடி எறக்குறாங்கன்னு பாக்க வந்தேன். எம் புள்ளைக்கு நான் இதச் செய்யணும்ல? கத்துக்கணும்ல?”

அவள் கயிற்றை விடாமல் குழியைப் பார்த்தாள்.

“கதவத் தட்டுனாம்மா உம் புருஷன். எம் புள்ள தூங்கிக்கிட்டிருந்தான். நாந்தான் எழுப்பி விட்டேன். ‘எந்திரிடா, தலைவர் வந்து நிக்கிறாரு, காக்க வெக்காத’ன்னு. பூட்ஸ எடுத்துக் குடுத்தேன்.” அவள் குரல் உயரவே இல்லை. கடையில் விலை சொல்கிற மாதிரி சொன்னாள். “உம் புருஷனுக்கு எடம் கெடச்சுருச்சு. எம் புள்ள எங்க கெடக்கான், சொல்லு.”

நான் கையை நீட்டினேன். வேறு எதுவும் தோன்றவில்லை. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். கயிற்று நுனியை அதில் வைத்தாள். அவள் விரல் என்மேல் படவில்லை, அவ்வளவு கவனமாக வைத்தாள். பிறகு பனியில் இறங்கிப் போய்விட்டாள். உன் கயிற்றை நான்தான் போட்டேன்.

இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான். உன் இடத்தில் நின்று உன் அண்ணனை இறக்கியது, அவன் கூட்டிக்கொண்டு போன பையனின் தாய். நீ அவன் பக்கம் நிற்கிறேன் என்று எழுதினாய். நிற்க வேண்டிய பக்கம் அந்தத் தலைமாடு, அங்கே நீ இல்லை.

போன வியாழக்கிழமை மண்டபத்துக்குப் போனேன். பெல்லாவும் வந்தாள். எங்கள் முறை வந்தது. நான் கையை நீட்டினேன். அவள் கை வரவில்லை. எப்போதும் போலத் தாண்டிப் போனாள். வால்டர் வாசித்துக்கொண்டே இருந்தார். இனியும் வராது, நீ சொன்னது சரி. தன் கையால் மகனை எழுப்பி அனுப்பியவளுக்கு அந்தக் கையை என்ன செய்வதென்றே தெரியவில்லை. எனக்கு எப்படித் தருவாள்?

இன்னஸ் வந்துவிட்டான், இனி நான் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. எங்கே வேண்டுமானாலும் போகலாம். உன் சீட்டை மேஜைமேல் வைத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். இதோடு திருப்பி அனுப்புகிறேன்.

ஃபின்லே இன்னும் கடலில் கிடக்கிறான். என்றைக்காவது ஏதாவது ஒரு வலையில் வருவான். வந்தால் டங்கன் அவள் மேஜைமேலும் எட்டு அட்டையை வைப்பார். அவள் என் பெயரை எழுத மாட்டாள். எழுத வேண்டாம். கூப்பிடாவிட்டாலும் நான் போவேன். கல்லறைக் கதவருகில் நிற்பேன், ஒரு ஆள் குறைந்தால் இருக்கட்டும் என்று.

ரோனா